சுவரில் சாயாதே!

புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழும் வார்த்தை எது? "வாங்க, உட்காருங்க" என்பதல்ல. "பார்த்து... சுவத்துல சாயாதீங்க!" என்பதுதான்.

பெயிண்ட் காயும் வரை அப்படிச் சொன்னால் நியாயம். இரண்டு வருடம் கழித்தும் அதே வார்த்தை அதே வீட்டில் கேட்கிறது என்பதுதான் விஷயம். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஹாலில் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்த தாத்தாவுக்கு இப்போது பிளாஸ்டிக் நாற்காலி போட்டாகிவிட்டது. அதுவும் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி! நடை பழகும் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால், பின்னாலேயே ஈரத்துணியோடு ஒருவர் போகிறார். காரணம் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். "லைட் கலர் அடிச்சிருக்கோம், அழுக்கு தெரியும்."

லைட் கலர் என்றால் ஆஃப் ஒயிட், க்ரீம், தந்த நிறம், வெளிர் சந்தனம், பிஸ்கட் கலர், இப்போது புதிதாக வந்து சேர்ந்திருக்கும் வெளிர் சாம்பல். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு நிறம்தான் இன்று பெரும்பாலான நகரத்து வீடுகளின் ஹாலில் இருக்கிறது. இந்த நிறங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சொல்லப் போனால் சின்ன வீடுகளுக்கு இவற்றைவிட நல்ல நிறம் கிடையாது. தப்பு எங்கே இருக்கிறது என்றால், அவற்றை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலும், அடித்த பிறகு அதோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதிலும்தான். வெளிர் நிறம் வீட்டுக்குள் வெளிச்சம் கொண்டுவருவதற்கு. வீட்டில் இருப்பவர்களைச் சுவரிலிருந்து விரட்டுவதற்கு அல்ல.

சுண்ணாம்பு இருந்த வரை

வெள்ளைச் சுவர் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. பொங்கல் வந்தால் வெள்ளையடிப்பு என்பது ஊர் வழக்கம். சுண்ணாம்புக் கல்லை வாங்கித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே கொதிக்கும். அதை நீற்றி, வடிகட்டி, பழுப்பு தெரியாமல் இருக்கத் துளி நீலம் கலந்து, மட்டையால் சுவர் முழுக்க அடிப்பார்கள். அடித்த உடனே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பழைய அழுக்கெல்லாம் அப்படியே தெரியும். காயக் காயத்தான் சுவர் வெளுக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புத் துகள்களுக்கு இடையே தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஒளி பெரும்பாலும் உள்ளே ஊடுருவிப் போய்விடுகிறது. தண்ணீர் போய் அந்த இடத்தில் காற்று நிறைந்தவுடன் ஒளி சிதறித் திரும்புகிறது. அதுதான் வெள்ளை. அதோடு சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மெல்லிய சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. காரத்தன்மை உள்ளதால் பூஞ்சையும் சுலபத்தில் ஒட்டாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். வருடா வருடம் அடித்து அடித்துக் கனத்துப் போன பூச்சு, ஒருநாள் பொருக்குப் பொருக்காக உதிரும். ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. அது மன்னிக்கும்! தாத்தாவின் எண்ணெய்த் தலை, பாட்டியின் வெற்றிலைக் கை, பேரன் கரித்துண்டால் வரைந்த ஸ்டம்ப், எல்லாக் கணக்கும் அடுத்த பொங்கலோடு தீர்ந்துவிடும். அதனால் சுவருக்குக் காவல் தேவைப்படவில்லை.

இன்னொரு புத்திசாலித்தனமும் இருந்தது. நிறைய வீடுகளில் சுவர் முழுக்க வெள்ளை அடிக்கவில்லை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை காவியோ, சாம்பலோ, பச்சையோ ஒரு பட்டை ஓடும். அதற்கு மேலேதான் வெள்ளை. அரசுப் பள்ளி வகுப்பறைகளையும் அரசு மருத்துவமனை நடைகளையும் நினைத்துப் பார்த்தால் இது தெரியும். கை படும் இடம், தலை படும் இடம், துடைப்பம் படும் இடம், மழைத்தண்ணீர் தெறிக்கும் இடம் எல்லாம் அடர்ந்த நிறம். யாரும் தொடாத இடம் வெளிர் நிறம். எங்கே அழுக்காகும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அழகுக்காக மட்டும் அல்ல.

கறுப்பு மணலிலிருந்து வந்த வெள்ளை

இன்றைக்கு டப்பாவில் வரும் வெள்ளை வேறு ஜாதி. அதற்கு நிறம் கொடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. வேடிக்கை என்னவென்றால், அதன் மூலப்பொருட்களில் முக்கியமான இல்மனைட் கன்னங்கரேல் என்று இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் கறுப்பு மணலில் இருப்பதும் இதுதான். அந்தக் கறுப்பிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்தால் கிடைப்பதுதான் பளீர் வெள்ளை. வணிக ரீதியில் இதை நார்வேயிலும் அமெரிக்காவிலும் 1910களின் பிற்பகுதியில் தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

அதற்கு முன் எண்ணெய் பெயிண்டில் வெள்ளை என்றால் பெரும்பாலும் ஈய வெள்ளை. ஈயம் நஞ்சு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கட்டிடங்களின் உட்புறத்துக்கு ஈய வெள்ளையைத் தடுக்க 1921லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016ல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வீட்டு ஜன்னல், கதவுகளில் உள்ள எனாமல் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது, தூசி பறக்காமல் நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளை அப்பால் வைப்பதும் அவசியம்.

டைட்டானியம் வெள்ளையின் பலம், ஒளியை வளைக்கும் திறன். ஒளிவிலகல் எண் என்று பள்ளியில் படித்தது இங்கே உதவும். பெயிண்டின் பசைப்பொருளுக்கு அது சுமார் 1.5. சுண்ணாம்புக் கல்லுக்கு சுமார் 1.6. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.7 வரை! வித்தியாசம் கூடக் கூட ஒளி அதிகமாகச் சிதறும், அடியில் உள்ளது மறையும். அதனால்தான் இரண்டு கோட்டிலேயே பழைய நிறம் காணாமல் போகிறது.

இந்தப் பெயிண்ட் பல வருடம் நிற்கிறது, சட்டையில் ஒட்டுவதில்லை. நல்லதுதான். ஆனால் செலவு? பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்து முடிப்பதற்குள் நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பில் ஒரு துண்டு போய்விடும். அதை ஒவ்வொரு பொங்கலுக்கும் செய்ய முடியாது. ஐந்து வருடம், எட்டு வருடம், மகள் கல்யாணம் வரை என்று தள்ளிப் போகிறது. மன்னிக்கும் வெள்ளை போய், கணக்கு வைத்துக்கொள்ளும் வெள்ளை வந்துவிட்டது. அழிக்கிற வழக்கம் போனதால் காக்கிற வழக்கம் வந்தது. தாத்தாவுக்கு நாற்காலி வந்த கதை இதுதான்.

வெள்ளைச் சுவர் மனிதனைத் திருத்தும் என்று நம்பியவர்களும் உண்டு. சண்டிகர் நகரை வடிவமைத்த லு கொர்பூசியே, 1925ல் எழுதிய புத்தகத்தில், எல்லோரும் சுவர்த்தாள்களையும் திரைகளையும் எடுத்துவிட்டு வெறும் வெள்ளை பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார். வெள்ளையில் அழுக்கு ஒளிந்துகொள்ள முடியாது, வீடு சுத்தமானால் மனமும் சுத்தமாகும் என்பது அவர் வாதம். அதே மனிதர் பின்னாளில் தன் கட்டிடங்களில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் தாராளமாகப் பயன்படுத்தினார் என்பது வேறு விஷயம்! சுத்தமாக இருப்பது நல்ல பழக்கம். அதற்காகச் சுவரை வாத்தியார் ஆக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வெளிர் நிறமே வேண்டாமா?

வேண்டும். நிச்சயம் வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும்.

நகரத்து அடுக்குமாடி வீட்டில் ஜன்னலைத் திறந்தால் வானம் தெரிவதில்லை. பக்கத்துக் கட்டிடத்துச் சுவர்தான் தெரிகிறது. அந்த இடுக்கு வழியாக வரும் கொஞ்சம் வெளிச்சம், அறையின் உள்மூலைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் சுவரில் பட்டுப் பட்டுத்தான் போக வேண்டும். நல்ல வெளிர் நிறம் தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். நடுத்தரமான நிறம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒளி மூன்று முறை பட்டுத் திரும்பிய பிறகு வெளிர் சுவரில் மிஞ்சுவது 51 சதவீதம். மற்றதில் மிஞ்சுவது 12.5 சதவீதம் மட்டுமே. நான்கு மடங்கு வித்தியாசம்! பகலிலேயே டியூப்லைட் போடும் வீட்டுக்கும் போடாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. மூலையில் ஸ்டூல் போட்டுப் படிக்கும் பிள்ளைக்கும், அரிசியில் கல் பொறுக்கும் அம்மாவுக்கும் இது வெறும் அலங்கார விஷயம் இல்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிட வேண்டும். உள்ளே லைட் கலர் அடித்தால் வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். உட்சுவரின் நிறத்தால் வெப்பம் பெரிதாகக் குறையாது. வெயில் நேராக அடிக்கும் மொட்டை மாடியிலும் வெளிச்சுவரிலும் வெள்ளை அடித்தால்தான் வெப்பம் குறையும். உள்ளே வெள்ளை வெளிச்சத்துக்கு, வெளியே வெள்ளை குளிர்ச்சிக்கு. ஹாலுக்கு விலை உயர்ந்த பெயிண்ட் வாங்கிவிட்டு மாடியைச் சும்மா விடுவதைவிட, ஹாலுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மாடிக்குச் சுண்ணாம்பாவது அடிப்பது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

லைட் கலரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சொல்லும் அடுத்த காரணம், "அது எல்லாத்துக்கும் பொருந்தும், தப்பாப் போகாது" என்பது. இதைப் போலத் தப்பான கருத்து இல்லை. அடர் நீலம் எந்த வெளிச்சத்திலும் நீலம்தான். வெளிர் நிறம்தான் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் போலவே மாறிவிடும் பச்சோந்தி!

ஆஃப் ஒயிட் என்ற ஒரே பெயரில் நூறு நிறங்கள் இருக்கின்றன. ஒன்றில் துளி மஞ்சள் ஒளிந்திருக்கும். ஒன்றில் ரோஸ், ஒன்றில் பச்சை, ஒன்றில் சாம்பல். தனியாகப் பார்த்தால் எல்லாமே வெள்ளைதான். ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். நான்கு சுவரிலும் அடித்த பிறகு ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டு, அந்தத் துளி இன்னும் பெருகும். அட்டையில் தந்த நிறமாக இருந்தது ஹாலில் மாம்பழ ஐஸ்க்ரீம் ஆவது இப்படித்தான்.

பிறகு விளக்கு. பழைய குண்டு பல்பின் ஒளி சுமார் 2700 கெல்வின், அதாவது மஞ்சள். இன்று அதிகம் விற்கும் வெள்ளை எல்.ஈ.டி. பல்புகள் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் விளக்கில் க்ரீம் சுவர் வெண்ணெயாக உருகும். அதே சுவர் வெள்ளை விளக்கில் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். வெளிர் சாம்பலை 6500 கெல்வினில் பார்த்தால் மருத்துவமனை ஞாபகம் வரும். கடையில் ஒரு விளக்கு, வீட்டில் ஒரு விளக்கு. கடையில் பிடித்தது வீட்டில் பிடிக்காமல் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தரையும் சும்மா இருக்காது. சிவப்பு ரெட் ஆக்சைடு தரை உள்ள வீட்டில் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதி லேசாக ரோஸ் அடிக்கும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் பச்சை உள்ளே வரும். பக்கத்து வீட்டுக்காரர் தன் வெளிச்சுவருக்குக் கிளிப்பச்சை அடித்துவிட்டால் அவ்வளவுதான். காசு கொடுக்காமலே அந்த நிறம் இந்த வீட்டு ஹாலிலும் குடியேறும்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்வதும் சரிப்படாது. "வடக்கு ஜன்னல் அறைக்கு வெயில் வராது, ஆகவே மஞ்சள் கலந்த வெள்ளை அடியுங்கள்" என்று அவற்றில் எழுதியிருக்கும். லண்டனுக்கு அது சரி. சென்னை இருப்பது வடக்கே 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரியில் அந்தக் காலம் இன்னும் நீளம். அக்னி நட்சத்திரத்தில் வடக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் வெயிலை அந்தப் பத்திரிகை ஆசிரியர் பார்த்திருக்க மாட்டார்! மேற்கு ஜன்னல் இருக்கும் அறைதான் இங்கே சோதனை. மாலை 4 மணிக்குமேல் எந்த க்ரீமும் அங்கே ஆரஞ்சாகத் தெரியும். அந்த அறைக்குச் சாம்பல் சாயல் உள்ள வெள்ளை தேவலை.

அட்டையை நம்பாமல் தேர்ந்தெடுப்பது

கடைக்காரர் கொடுக்கும் கலர் அட்டையில் ஒவ்வொரு நிறமும் தபால்தலை அளவு இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை முடிவு செய்வது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பார்த்துக் கல்யாணம் முடிப்பது மாதிரி. அட்டை உதவாது என்றில்லை. நூறைப் பத்தாகக் குறைக்க அது போதும். பத்தை ஒன்றாக்க சுவர் வேண்டும்.

மூன்று நிறங்களில் மிகச் சிறிய டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி சார்ட் அட்டைகளில் ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடித்துக் காய வைக்க வேண்டும். பழைய சுவரிலேயே நேரடியாக அடித்துப் பார்ப்பது கண்ணை ஏமாற்றும். பச்சைச் சுவருக்கு நடுவே எந்த வெளிர் நிறமும் ரோஸாகத்தான் தெரியும். அட்டையாக இருந்தால் நான்கு சுவரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். காலை 8 மணி, உச்சிவேளை, மாலை 5 மணி, இரவு விளக்குப் போட்ட பிறகு. இரண்டு நாள் போதும். பல வருடம் பார்க்கப் போகும் சுவருக்கு இரண்டு நாள் அதிகமில்லை.

விளக்கை முதலில் முடிவு செய்துவிட்டு நிறத்தைப் பிறகு முடிவு செய்வது இன்னும் நல்லது. பெயிண்டை மாற்றுவதைவிட பல்பை மாற்றுவது மலிவு என்பதை மறந்துவிடுகிறார்கள். அடித்த நிறம் பிடிக்கவில்லை என்று வருந்தும் வீடுகளில் பாதிப் பிரச்சனை, வேறு ஒரு பல்பு மாட்டினால் தீர்ந்துவிடும்.

புதுச் சுவர் என்றால் சிமெண்ட் பூச்சு ஆறும் வரை, குறைந்தது நான்கு வாரம், பொறுக்க வேண்டும். ஓதம் இருக்கும் சுவரில் எத்தனை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உப்புப் பூத்துக் கொட்டும். அதைச் சரி செய்யாமல் நிறத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சாய்வதற்கு ஒரு சுவர்

இப்போது முக்கியமான கேள்வி. வெளிர் நிறமும் வேண்டும், தாத்தாவும் சாய வேண்டும். இரண்டும் நடக்குமா?

நடக்கும். முதல் வழி, பழைய பட்டையைத் திரும்பக் கொண்டுவருவது. ஜன்னலின் அடி மட்டம் வரை, அதாவது மூன்று மூன்றரை அடிக்கு, மேலே அடித்த நிறத்தின் குடும்பத்திலேயே இரண்டு மூன்று படி அடர்ந்த நிறம், கழுவினால் தாங்கும் ரகத்தில். தரையில் உட்கார்ந்து சாய்பவரின் தலை அந்த உயரத்துக்குள் அடங்கும். நடை பழகும் குழந்தையின் கையும் அடங்கும். வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பும் வேலையை மேல்சுவரும் கூரையும்தான் அதிகம் செய்கின்றன. அதனால் கீழே கொஞ்சம் அடர்ந்திருப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. "ஸ்கூல் மாதிரி இருக்கும்" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சந்தனத்துக்குக் கீழே மண் நிறம் அடித்துப் பார்த்த பிறகு அவர்கள் பேசட்டும்.

இரண்டாவது, மினுமினுப்பைப் பற்றி யோசிப்பது. மினுமினுப்பு உள்ள பெயிண்ட் சுலபமாகத் துடைக்க வரும். ஆனால் சுவரின் மேடு பள்ளத்தையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். இங்கே டியூப்லைட்டைச் சுவரிலேயே மாட்டுவது வழக்கம். அதன் ஒளி சுவரைத் தடவிக்கொண்டே இறங்குவதால் மேஸ்திரி விட்ட ஒவ்வொரு அலையும் தெரியும். மினுமினுப்பு இல்லாத பெயிண்ட் அதையெல்லாம் மறைக்கும். அங்கங்கே திட்டுத் திருத்தினாலும் வித்தியாசம் தெரியாது. ஆகவே மேலே மினுமினுப்பு இல்லாதது, கீழ்ப்பட்டைக்கு மினுமினுப்பு உள்ளது. கணக்கு சரியாகப் போய்விடுகிறது.

மூன்றாவது, மிச்சத்தை எடுத்து வைப்பது. பெயிண்டர் வேலை முடித்துப் போகும்போது டப்பாவில் கால் லிட்டர் மிஞ்சியிருக்கும். அதைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் நிறைய ஊற்றி, மூடியில் நிறத்தின் எண், எந்த அறை, எந்த மாதம் என்று எழுதி வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, அதே பொங்கலுக்கே, கறை பட்ட இடங்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, முன்பு ரோலரால் அடித்திருந்தால் ரோலராலேயே லேசாகத் தொட்டுவிட்டால் போதும். எண்ணெய்க் கறையைக் கழுவாமல் மேலே அடித்தால் பெயிண்ட் பிடிக்காது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சில வருடம் ஆகி நிறம் மங்கிவிட்டிருந்தால் திட்டுத் தனியாகத் தெரியும்; அப்போது அந்த ஒரு சுவரை மட்டும் மூலைக்கு மூலை அடிப்பதே வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆக, மன்னிக்கும் குணத்தைச் சுண்ணாம்போடு புதைத்துவிட வேண்டியதில்லை.

யார் முடிவு செய்வது?

பெரும்பாலான வீடுகளில் நிறத்தை முடிவு செய்பவர் பகலில் வீட்டில் இருக்காதவர். வேலை முடிந்து இரவு 8 மணிக்கு வந்து, விளக்கு வெளிச்சத்தில் மட்டும் சுவரைப் பார்ப்பவர். நாள் முழுக்க அந்தச் சுவர்களுக்குள் இருக்கும் அம்மாவையும் பாட்டியையும் யாரும் கேட்பதில்லை. அல்லது விருந்தாளிகள் என்ன சொல்வார்கள் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். வருடத்துக்கு நான்கு முறை வருபவருக்காக 365 நாளும் இருப்பவர் தள்ளி உட்கார வேண்டுமா?

வயதாக ஆகக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது. ஆகவே பெரியவர்கள் இருக்கும் அறைக்கு வெளிர் நிறம் பெரிய உதவி. ஆனால் சுவர் வெள்ளை, கதவு வெள்ளை, ஸ்விட்ச் போர்டு வெள்ளை, தரையும் வெள்ளை டைல்ஸ் என்று எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கினால் எது எங்கே முடிகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. நிலைக்கும் படி விளிம்புக்கும் ஒரு அடர்ந்த நிறம் கொடுத்தால் தடுமாறி விழுவது குறையும்.

வாடகை வீடுகளின் கதை தனி. நிறம் ஹவுஸ் ஓனருடையது, பயம் குடியிருப்பவருடையது. ஆணி அடிக்கக் கூடாது, படம் ஒட்டக் கூடாது, சாயக் கூடாது. காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எப்படியும் பெயிண்டுக்குக் காசு பிடிக்கப் போகிறார்கள் என்றால், சாய்வதற்கும் சேர்த்துத்தானே அந்தக் காசு? ஹாஸ்டல் அறைகளில் செல்லோடேப் தடத்துக்கு அபராதம் கட்டிய மாணவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

பெயிண்ட் விளம்பரங்களில் வரும் வீடுகளில் சுவர் வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஆனால் அந்தச் சுவரில் யாரும் சாய்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். உண்மையான வீட்டில் அப்படிப் போக முடியாது.

அடுத்த தடவை கலர் அட்டையைக் கையில் எடுக்கும் குடும்பம், "எது அழகா இருக்கும்?" என்று கேட்பதற்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? தாத்தா எந்தச் சுவரில் சாய்வார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் நிறம் தானாக அமைந்துவிடும். அந்த பிளாஸ்டிக் நாற்காலியையும் எடுத்து உள்ளே போட்டுவிடலாம்.